காட்சியும் களமும்

எழில் கொஞ்சும் காலை! கிழக்கே கடல், கடலின் மேல் செவ்வானம், வானின் விளிம்பில், துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் கழுத்தை நீட்டி நிற்கின்றன. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் பேருந்து விரைகிறது. முத்தையாபுரம் கழிகிறது, முள்ளக்காடு கழிகிறது. அதற்கப்பால் உப்பளங்கள்! கட்டம் கட்டமாய்ப் பாத்திகள். பாத்தி நிறையக் கண்ணாடியென நீர். சில பாத்திகளில் அந்த நீர் இளஞ்சிவப்பு. வரப்பின் மேல் வெண்குவியல்கள். கதிரவன் எழுகிறான், குவியல்கள் ஒளிர்கின்றன. ஆழமில்லா நீரில் பூநாரைக் கூட்டமொன்று தலை கவிழ்த்து இரை தேடுகிறது. ஓவியனுக்கு விருந்து! கவிஞனுக்குக் கரு! பயணிக்கோ, கட்டணத்துக்குமேல் கிடைத்த இலாபம்!

அந்தப் பயணிகளில் ஒருவன் நான். பழையகாயலை அடுத்த சிற்றூர் ஒன்றில் ஆசிரியன். மூன்று ஆண்டுகளாக அதே பேருந்து. கிடைத்தால் இடப்புறச் சன்னலோரம். அந்த இடத்துக்காக முண்டியடித்ததும் உண்டு. "என்ன சார், தினமும் பார்க்கிற உப்பளம்தானே!" என்று நடத்துநர் நகைப்பார். "தினமும் பார்த்தாலும் சலிக்காத அழகு, அண்ணாச்சி!" என்பேன். என்னைச் சுற்றி உறங்குவோர், கைப்பேசியில் குனிந்திருப்போர், வட்டிக் கணக்குப் பேசுவோர். அவர்களிடையே, விழித்த கண்ணுடையவன் நான் ஒருவனே என்ற பெருமிதம் எனக்கு! அந்தப் பெருமிதம் உடைந்த கதையைத்தான் எழுதப்போகிறேன். உடைத்தவள், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி.

சென்ற ஆண்டு ஆடி மாதம். காற்று வீசும் காலம்; உப்பு விளையும் காலம். வகுப்பில் கட்டுரைப் பயிற்சி. "நான் கண்ட காலைக் காட்சி" என்று தலைப்பைக் கரும்பலகையில் எழுதினேன். குறிப்புகளும் கொடுத்தேன்: செங்கதிர், வெள்ளி மலை, பூநாரை, தென்றல். மறுநாள் ஏடுகள் மேசைக்கு வந்தன. விந்தை! அத்தனை ஏட்டிலும் வெள்ளி மலை! அத்தனை ஏட்டிலும் தென்றல்! மாணவர் கண்டதை எழுதவில்லை. நான் கண்டதை எனக்கே திருப்பித் தந்திருந்தனர். நானும் மகிழ்ந்து மதிப்பெண்களை வாரி வழங்கினேன்.

ஓர் ஏட்டில் மட்டும் இப்படி இருந்தது:

"காலையில் நான் எழும்போது அம்மா வீட்டில் இருக்க மாட்டாள். இருட்டிலேயே அளத்துக்குப் போய்விடுவாள். சூரியன் மேலே வந்தால் உப்பு மின்னும். உப்பு மின்னினால் அம்மாவுக்குக் கண்ணில் நீர் வடியும். அதனால் சூரியன் மெதுவாக வர வேண்டும் என்று நினைப்பேன். நான் காலைக் காட்சி பார்த்ததில்லை. தம்பியைக் குளிக்க வைத்துக் கூட்டி வருவதற்கே நேரம் சரியாக இருக்கும்."

பத்துக்கு மூன்று கொடுத்தேன். சிவப்பு மையால், "வருணனை இல்லை, தலைப்பை விட்டு விலகியது" என்று எழுதினேன். அவள் ஏட்டை வாங்கினாள், படித்தாள், மூடினாள், ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை அதே பேருந்து, அதே சன்னல். கதிரவன் எழுந்தான், உப்பு மின்னியது. "வெள்ளி மலை" என்று வாய் முணுமுணுக்கப் போனது; முடியவில்லை. அந்த மலையின் அடியில் மனிதர்கள் இருந்தார்கள்! பெண்கள், தலையில் பாரம், புருவம்வரை இழுத்துவிட்ட துணி, கதிரவனுக்கு முதுகு காட்டித் திரும்பிய முகங்கள். நேற்றும் இருந்திருப்பார்கள், மூன்று ஆண்டுகளும் இருந்தார்கள். நான் பார்த்தேன், ஆனால், காணவில்லை. ஓவியத்தில் தூரிகை தொட்டுவைத்த புள்ளிகளைப்போல, அவர்களும் என் காட்சிக்கு அழகு சேர்க்கும் புள்ளிகளாக மட்டுமே இருந்தனர். எவளுடைய கண்ணீர் அந்த ஒளியில் வடிகிறதோ, அவளுடைய மகளிடமே அந்த ஒளியைப் புகழ்ந்து எழுதச் சொன்னவன் நான்! புகழாததற்காக ஏழு மதிப்பெண்ணைப் பறித்துக்கொண்டவனும் நான்!

தோழர்களே! இது மதிப்பெண் தகராறு அன்று. அறத்தைப் பற்றிய வினா. ஒருவருடைய உழைப்புக் களம் மற்றொருவருக்கு வெறும் காட்சியாகலாமா? கண் இருப்பது காண்பதற்கு என்கிறோம். அன்றாடம் நம் கண்முன் நிற்பதைக் காணத் தவறினால், அது வெறும் கவனக் குறைவா, அல்லது குற்றமா?

உப்பிலிருந்தே தொடங்குவோம். ஒரு லிட்டர் கடல்நீரில் உப்புகள் ஏறத்தாழ 35 கிராம். கடலிலிருந்தோ நிலத்தடியிலிருந்தோ எடுத்த உவர்நீரை முதலில் பெருந்தேக்கத்தில் நிறுத்துகிறார்கள். வெயில் குடிக்கிறது, காற்று குடிக்கிறது, நீர் சுண்டுகிறது. பாத்தி மாற்றிப் பாத்தியாக அதை நடத்துகிறார்கள். சுண்ணாம்புச் சத்து முதலில் படிந்து பிரிகிறது. உவர்ப்பை அளக்கும் 'போமே' அளவையில் 25 டிகிரியை நெருங்கும்போது, உப்பு மணி கட்டத் தொடங்குகிறது. மேலும் சுண்டவிட்டால் கசப்பு உப்புகள் கலந்து கெடுக்கும்; அதற்குமுன் எஞ்சிய நீரை வடிக்க வேண்டும். பாத்தி நீர் சிவப்பது, மிகு உவரில் வாழும் நுண்ணுயிர்களால். பூநாரையின் சிவப்பும் அத்தகைய உயிர்களைத் தின்பதால் வந்ததே. ஆக, காட்சியில் மாயம் எதுவும் இல்லை. இயற்கை இருக்கிறது, இயற்கையை அறிந்த அறிவு இருக்கிறது.

அறிவோடு கதை முடிந்ததா? இல்லை. மணி கட்டிய உப்பு தானே நடந்து வரப்பேறாது! காலால் மிதித்து மேலோட்டை உடைக்க வேண்டும். வாரிக் கூட்ட வேண்டும். தலையில் சுமந்து கொட்ட வேண்டும். கீழே உவர், மேலே வெயில், எதிரே, பட்ட ஒளியையெல்லாம் திருப்பி அடிக்கும் வெண்மை. பாதத்தில் புண் ஆறுவதில்லை. கண்ணில் எரிச்சல் ஓய்வதில்லை. காலப்போக்கில் பார்வையும் மங்குகிறது. குஜராத்துக்கு அடுத்தபடியாக இந்தியாவில் மிகுதியான உப்பு விளைவது இந்தத் தூத்துக்குடிக் கரையில். நாட்டின் உணவுக்குச் சுவையூட்டும் உப்பு, அதை வாருகிறவளின் கண்ணைக் கரிக்கிறது! ராஜம் கிருஷ்ணன் இந்த மக்களிடையே வந்து தங்கி, கண்டு கேட்டு எழுதிய புதினத்துக்குக் 'கரிப்பு மணிகள்' என்று பெயரிட்டார். தொலைவில் நின்றவனுக்கு அது வெள்ளி மலை. அருகே வந்தவருக்குக் கரிப்பு மணி!

உப்பளத்தில் மட்டுமா இந்தக் குருட்டுத்தனம்? என் பேருந்து சென்று நிற்கும் பழையகாயல், மார்க்கோ போலோ கண்டு எழுதிய காயல் துறைமுகம் என்பர் வரலாற்றாசிரியர். அதற்கு மேற்கே சிறிது தொலைவில் கொற்கை. ஈராயிரம் ஆண்டுகளாக முத்தின் பெயரால் உலகறிந்த மண்! பாண்டியரின் முத்து, புலவர் பாடிய முத்து, ரோமாபுரிச் சீமாட்டியர் விரும்பி அணிந்த முத்து! முத்துக்குப் புகழ் பாடியோர் எண்ணிலர். முத்தை எடுக்க மூழ்கியவன் யார்? கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட எரித்ரேயக் கடற்பயணக் குறிப்பு, கொற்கை முத்துக்குளிப்பைச் சொல்லும் இடத்தில், தண்டனை பெற்ற குற்றவாளிகள் அந்த வேலையைச் செய்கிறார்கள் என்று போகிற போக்கில் குறித்துச் செல்கிறது. ஒரே ஒரு வரி! கடலடியில் மூச்சடக்கிக் கிடந்தவர்க்கு, அயல்நாட்டு வணிகன் ஒதுக்கிய அந்த ஒற்றை வரிதான் கிடைத்தது.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, இந்தக் கடலில் சுறாக்களை 'மந்திரத்தால் கட்டும்' ஆட்களைப் பற்றி எழுதியிருக்கிறார். பகலில் கட்டு; இரவில் அவிழ்ப்பு; இரவில் அவிழ்க்காவிட்டால், திருடன் அச்சமின்றி மூழ்கிவிடுவானாம்! அந்த மந்திரத்துக்குக் கூலி, எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு. மன்னனுக்குப் பத்தில் ஒரு பங்கு. பிரிட்டிஷார் காலத்திலும் 'கடல் கட்டி' என்ற பெயரோடு அந்த வழக்கம் தொடர்ந்தது. அந்நாளில் சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கை அரசு எடுத்துக்கொண்டது. எண்ணிப் பாருங்கள்! கல்லைப் பற்றிக்கொண்டு கடலுக்குள் இறங்குபவன் ஒருவன். கரையில் நின்று உதட்டை அசைப்பவன் ஒருவன். மூழ்கியவனின் உழைப்பு கண்ணுக்குத் தெரியவில்லை; முணுமுணுத்தவனின் மந்திரம் தெரிந்தது! உழைப்பைக் காணாத கண், அதற்கு ஈடாக இல்லாத ஒன்றைக் கண்டுகொள்கிறது. மூடநம்பிக்கை குடியேறும் இடம், காண மறுத்த கண் காலி செய்துவிட்ட இடமே!

முத்து எப்படிப் பிறக்கிறது? குறிப்பிட்ட நாளில் பெய்யும் மழைத்துளி சிப்பிக்குள் விழுந்து முத்தாகிறது என்றனர் முன்னோர். அழகான கற்பனைதான். ஆனால் அழகில் மயங்கியவர் அத்துடன் நின்றுவிட்டனர். வினாத் தொடுத்தவரே மேலே சென்றனர். சிப்பியின் உட்சதைக்குள் அயற்பொருளோ ஒட்டுண்ணியோ புகுந்தால், அதைச் சுற்றிச் சிப்பி தன் ஓட்டின் பளபளப்புப் பொருளையே அடுக்கடுக்காகப் பூசுகிறது, அதுவே முத்து. 1893-இல் ஜப்பானில் மிக்கிமோட்டோ சிப்பிக்குள் அரை முத்தை வளர்த்துக் காட்டினார். 1973-இல் இதே தூத்துக்குடிக் கரையில், வேப்பலோடையில், மத்தியக் கடல்மீன் ஆய்வு நிலையத்தின் அறிஞர் அழகர்சாமி இந்தியாவில் வளர்ப்பு முத்தை உருவாக்கினார். முத்துப் பாறைகள் நலிந்து, தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோன பிறகு, மழைத்துளிக்குக் காத்திருந்தால் முத்து வந்திருக்குமா? "எப்படி?" என்ற வினா வந்தது, முத்தும் வந்தது!

ஆகவே காண்பதற்கு மூன்று படிகள் உண்டு என்பேன். "அழகு!" என்பது முதற்படி. குழந்தையும் அதில் ஏறும். "எப்படி?" என்பது இரண்டாம் படி, அறிவின் படி. "யாரால்?" என்பது மூன்றாம் படி, அறத்தின் படி. முதற்படியிலேயே நின்று கொண்டு உச்சிக்கு வந்துவிட்டதாக எண்ணியவன் நான். இரண்டாம் படியோடு நிற்கும் அறிஞரும் உண்டு. உப்பின் வேதியியலை மணிக்கணக்கில் விளக்குவார். உப்பு வாருகிறவளின் கூலியைக் கேட்டால் விழிப்பார்! பகுத்தறிவு என்பது எப்படி என்று கேட்பதோடு முடிவதில்லை. யாரால் என்றும், யாருக்காக என்றும் கேட்கும்போதுதான் அது நிறைவு பெறுகிறது.

தமிழ்ச் சொல்லொன்று இதை என்றோ உணர்ந்திருக்கிறது. வள்ளுவர் 58ஆம் அதிகாரத்துக்குக் 'கண்ணோட்டம்' என்று பெயரிட்டார். கண்ணின் ஓட்டம்! பிறர்பால் கண் ஓடிச் சென்று தங்குவதே இரக்கம். கண்ணுக்கு வேலை காண்பது; அறத்துக்கு வேலை இரங்குவது; இரண்டுக்கும் ஒரே சொல்! நாமோ இன்று 'கண்ணோட்டம்' என்றால் கருத்து என்கிறோம், பார்வைக் கோணம் என்கிறோம். சொல் இருக்கிறது, அதில் இருந்த இரக்கம் கசிந்து போய்விட்டது!

சிலர் கேட்கக்கூடும்: "காலை வேளையில் ஒரு நொடி அழகை நுகர்வதும் குற்றமா? உழைப்பாளி இருக்கிறான் என்பதற்காக உதயசூரியனைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டுமா?" நேர்மையான கேள்வி. அழகு குற்றமன்று. பூநாரையை வெறுப்பதால் ஒரு பெண்ணின் கண்ணீரும் உலராது. பிரெஞ்சு ஓவியர் மிய்யே 1857-இல் ஓர் ஓவியம் தீட்டினார். அறுவடை முடிந்த வயல், பொன்னிற ஒளி, அந்த வயலில் குனிந்து உதிர்ந்த கதிர் பொறுக்கும் ஏழைப் பெண்கள் மூவர். விளைந்த பொற்குவியல்களையும் குதிரை மேல் அமர்ந்த மேற்பார்வையாளனையும் தொலைவில் சிறியதாக்கிவிட்டார். புள்ளியாக மறைந்திருக்க வேண்டிய பெண்களை முன்னால் கொணர்ந்து பெரிதாக்கிவிட்டார்! செல்வர் சிலர் முகம் சுளித்தனர். ஆனால் அந்த ஓவியத்தில் அழகு குறைந்ததா? இல்லை, அழகுக்கு முதுகெலும்பு முளைத்தது! காட்சியில் மனிதரைச் சேர்த்தால் காட்சி கெடாது. மனிதரை நீக்கினால்தான் நிலைக்கும் என்ற அழகு, அழகன்று, திரை!

வேறு சிலர் சொல்வர்: "அவரவர் தலையெழுத்து, நாம் பார்த்து என்ன ஆகப்போகிறது?" இதோ அந்தத் திரையைத் தொங்கவிடும் ஆணி! தலையெழுத்து என்று சொன்னவுடன் வினா நின்றுவிடுகிறது. கூலியை நிர்ணயித்தவர் யார், நிழற்கூரை போடாதவர் யார், மழைக்காலத்தில் அடுப்பெரிய வழி செய்யாதவர் யார் என்ற கேள்விகளெல்லாம் ஒரே சொல்லுக்குள் புதைக்கப்படுகின்றன. மலையை மலையென்று ஏற்பதைப்போல, கடலைக் கடலென்று ஏற்பதைப்போல, வறுமையையும் இயற்கையின் ஓர் உறுப்பென்று ஏற்கப் பழக்குகிறது விதி. உழைப்பாளியைக் காட்சியாக்கும் வேலையைக் கண் மட்டும் செய்யவில்லை, தோழர்களே. விதி என்ற கருத்தும் சேர்ந்தே செய்கிறது!

மழையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி பிறந்தால் நமக்கு மண்மணம், குளிர், கவிதை. உப்பளத்துக்கோ வேலை நிறுத்தம். முதலாளி செய்ததன்று, வானம் செய்தது! மழை முடியும்வரை வேலை இல்லை, கூலி இல்லை. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர்! ஓலை வேய்ந்து காத்த உப்புக் குவியல்கள் கரைந்தன, பாத்திகள் மண்மூடின. அந்த வாரம் செய்தித்தாள்கள் உப்பளத்தைப் படம் பிடித்தன. நாடே "அடடா!" என்றது. வெள்ளம் வடிந்தது, கவனமும் வடிந்தது. பேரிடர் வந்தால்தான் கண் திறக்கும் என்றால், அன்றாடம் வரும் இடரைக் காண்பது யார்? மழைக்கால மாதங்களில் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் உதவித்தொகை வழங்கத் தமிழ்நாடு அரசு முன்வந்தது அண்மை ஆண்டுகளில்தான். அந்த உதவி வானத்திலிருந்து விழவில்லை. யாரோ கண்டார்கள், யாரோ கேட்டார்கள், தொழிலாளர் திரண்டு குரல் கொடுத்தார்கள்.

"ஒரு வாத்தியார் சன்னல் வழியே பார்ப்பதால் கூலி உயர்ந்துவிடுமா?" என்று கேட்பீரானால், உயராது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாரும் காணாமல் எந்தக் கூலியாவது உயர்ந்ததுண்டா? இதே தூத்துக்குடியில் கோரல் ஆலை இருந்தது. அதன் சங்கு நாள்தோறும் ஊதியது. அதன் வாயிலை வழக்கறிஞர் கடந்தனர், வணிகர் கடந்தனர், கோயிலுக்குச் செல்வோர் கடந்தனர். ஓய்வுநாள் இன்றி, நாள் முழுதும் உழைத்த தொழிலாளரைப் பார்த்தோர் ஆயிரம், கண்டவர் சிலர். அச்சிலரில் ஒருவர் வ.உ.சிதம்பரனார். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டவர். கடலை நோக்கிய கண்ணுடையவர். அந்தக் கண்ணை ஆலை வாயிலுக்கும் திருப்பினார்! 1908 பிப்ரவரி 27-இல் வேலைநிறுத்தம் தொடங்கியது. சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றார். ஒன்பது நாள்கள்! கூலி உயர்வுக்கும் வார விடுமுறைக்கும் ஆலை முதலாளிகள் இணங்கினர். அடுத்த சில நாள்களிலேயே வ.உ.சி. கைதானார், சிறையில் செக்கிழுத்தார். கண்டதற்குக் கொடுத்த விலை அது! கப்பல் அவருக்குப் புகழ் தந்தது. ஆனால் கடற்கரையில் கப்பலைப் பார்த்து நின்ற ஆயிரவரிலிருந்து அவரைப் பிரித்துக் காட்டியது, கப்பலுக்குப் பின்னே நின்ற மனிதரைக் கண்ட கண்.

நான் வ.உ.சி. அல்லன். கையில் இருந்தது சிவப்பு மைப் பேனா ஒன்றே. மறுநாள் அந்த மாணவியின் ஏட்டைத் திரும்பக் கேட்டேன். மூன்று என்பதை அடித்தேன். பத்துப் போடவும் கை கூசியது. கண்ணீருக்கு மதிப்பெண் போட நான் யார்? பழைய குறிப்பின் கீழே, "தலைப்பை விட்டு விலகியவர் ஆசிரியர்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவள் படித்தாள். சிரிக்கவில்லை, "வகுப்பில் வாசிக்கட்டுமா, சார்?" என்றாள். வாசித்தாள். வெள்ளி மலை எழுதிய பிள்ளைகள் தலை குனிந்தனர். அவர்களில் பலரும் அளத்துப் பிள்ளைகள்; பனையேறிகளின் பிள்ளைகள்; மீனவர் வீட்டுப் பிள்ளைகள். தம் வீட்டுக் கதை கட்டுரைக்கு உதவாது என்று அவர்களுக்கு யார் கற்பித்தது? என்னைப் போன்றவர்கள்தாம்!

சில நாள் கழித்து, நிறுத்தத்தில் அவளுடைய தாயைச் சந்தித்தேன். நல்லவன் ஆகிவிட்ட மிதப்பு எனக்கு. "அக்கா, வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாமே? நான் வாங்கித் தரட்டுமா?" என்றேன். அந்த அம்மையார் சிரித்தார்.

"ரெண்டு நாள் போட்டுப் பாத்தேன் சார். வேர்வையில வழுக்கி விழுதுல்லா! அத விடுங்க. நின்னு மூச்சு வாங்க ஒரு நெழல் வேணும். குடிக்க நல்ல தண்ணி வேணும். பொம்பளைக ஒதுங்க ஒரு மறைவு வேணும். கேக்குறதுன்னா அதக் கேளுங்க."

எனக்கு இரண்டாம் பாடம் அது! முதலில் அவர்களைக் காணாமல் இருந்தேன். கண்டபின், கேளாமலேயே மருந்து எழுதத் துணிந்தேன். இரக்கமும் ஒரு வகைக் குருட்டுத்தனம் ஆகலாம். கண்டால் மட்டும் போதாது. காணப்பட்டவர் வாய் திறக்கும்போது நம் வாயை மூடிக்கொள்ளவும் வேண்டும். அவர்களுக்கு என்ன வேண்டும் என்பதை அவர்களைவிட அறிந்தவர் எவரும் இலர். நிழல், நீர், மறைவு — இவை மூன்றும் தருமம் அல்ல, உரிமை. கண்ணாடி நான் வாங்கித் தந்தால் எனக்குப் புகழ். நிழற்கூரை அவர்கள் கேட்டுப் பெற்றால் அவர்களுக்கு வெற்றி. வெற்றி பெறவேண்டியவர் யார் என்பதை மறந்த சீர்திருத்தம், பழைய பிச்சைக்குப் புதிய பாத்திரம்!

இவ்வாண்டு கட்டுரைத் தலைப்பை மாற்றினேன்: "என் வீட்டார் உழைக்கும் இடம்." குறிப்பு எதுவும் தரவில்லை. வந்த ஏடுகளில் பனையின் உயரம் இருந்தது; அதிகாலையில் பதநீர் இறக்கும் தந்தையின் நெஞ்சுத் தழும்பு இருந்தது; ஆற்றுப்பாசன வாழைத் தோட்டத்தில் தார் சுமப்பவரின் தோள்பட்டை இருந்தது; கடலுக்குச் சென்ற படகு கரைக்கு வரும்வரை உறங்காத பாட்டி இருந்தாள். பிழைகள் இருந்தன, பொய் இல்லை. வெள்ளி மலை ஒன்றுகூட இல்லை. அந்த எட்டாம் வகுப்பு ஏடுகளைவிடச் செறிவான நூலை, இந்தக் கடற்கரையைப் பற்றி நான் கல்லூரியில் படித்ததில்லை!

இன்றும் அதே பேருந்தில்தான் செல்கிறேன். இன்றும் கதிரவன் எழுகிறான்; உப்பு மின்னுகிறது; பூநாரை இறங்குகிறது. இன்னும் அது எனக்கு அழகுதான், மறைக்கவில்லை. ஆனால் ஒளி மிகும்போது, யாருடைய கண் இப்போது கூசும் என்ற எண்ணமும் உடன் எழுகிறது. அந்த எண்ணம் காலையின் இன்பத்தைச் சிறிது குறைக்கிறது. என்னைச் சிறிது மனிதனாக்குகிறது. குறைந்தது கொஞ்சம், கிடைத்தது அதிகம்.

தோழர்களே! உங்கள் சாலையிலும் ஒரு காட்சி இருக்கும். செங்கல் சூளையின் புகையோ, நாற்று நடும் வரிசையோ, விடியுமுன் தெருவைப் பெருக்கிச் செல்லும் துடைப்பத்தின் ஓசையோ, ஏதோ ஒன்று. நாளைக் காலை சன்னலோரம் இடம் கிடைத்தால் அதைப் பாருங்கள். "அழகு!" என்று சொல்லத் தோன்றினால் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, "எப்படி?" என்று கேளுங்கள், "யாரால்?" என்றும் கேளுங்கள். பிறகு, முடிந்தால் ஒரு நாள் பேருந்தை விட்டு இறங்குங்கள். சன்னலுக்கு உள்ளே இருக்கும்வரைதான் அது காட்சி. இறங்கி நடந்தால், களம்!